வெள்ளைக்கல் பாடசாலையின் எட்டு மலசலகூடங்கள்

றம்லா ஆசிரியையாகத்தான் ஆசைப்பட்டாள். வெளிவாரிப் பட்டம் முடித்து ஐந்து வருடம் வீட்டில் காத்திருந்த பிறகு, அரசாங்கம் பட்டதாரிகளை மொத்தமாக வேலைக்கு எடுத்தபோது அவளுக்குக் கிடைத்தது அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பதவி. எதை அபிவிருத்தி செய்ய வேண்டும் என்று நியமனக் கடிதத்தில் இருக்கவில்லை. மாத்தளை மாவட்டத்து வலயக் கல்விப் பணிமனை ஒன்றின் திட்டமிடல் பிரிவில் ஜன்னலோரமாக ஒரு மேசையைக் காட்டினார்கள். அந்தப் பிரிவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் தமிழ்மொழிப் பாடசாலைகளின் படிவங்கள் எல்லாம் அந்த மேசைக்கே வந்து சேர்ந்தன.

வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பாடசாலையும் தன்னிடம் இருப்பதை எல்லாம் எழுதி அனுப்ப வேண்டும். மாணவர் தொகை, ஆசிரியர் தொகை, கட்டடங்கள், கதிரை மேசை, மின்சாரம், குடிநீர், மலசலகூடங்கள். அதிபர்மார் தமிழில் எழுதி அனுப்புவதை றம்லா கணினியில் சிங்களத்தில் பதிவாள். அங்கிருந்து அது மாகாணத்துக்குப் போகும், பிறகு கொழும்புக்கும் போகும் என்று சொன்னார்கள். புதுப் பாடசாலைக் கட்டடம் யாருக்கு, கூரை யாருக்கு, தண்ணீர்த் தாங்கி யாருக்கு என்பதெல்லாம் இந்த எண்களைப் பார்த்துத்தான் முடிவாகும் என்றும் சொன்னார்கள்.

பெரும்பாலான அதிபர்கள் போன வருடப் படிவத்தைப் பார்த்து இந்த வருடப் படிவத்தை எழுதினார்கள். முதல் இரண்டு வருடங்கள் றம்லாவுக்கு அது உறுத்தலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பணிமனை வாகனத்துக்கு டீசல் கிடைக்காத காலம் வந்தபோது யாரும் எந்தப் பாடசாலைக்கும் போகவில்லை. வீடு இருந்த வரக்காமுறையில் பஸ் ஏறி வருவாள், எண்களைப் பதிவாள், நாலரைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். கணவன் பஸீர் தம்புள்ளையில் மரக்கறி மொத்தக் கடையொன்றில் வேலை செய்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வந்தால் ஞாயிறு போய்விடுவான். மகள் நதா எட்டாம் ஆண்டுக்கு வந்துவிட்டாள். இப்படிப் பதினொரு வருடம் ஓடியது.

பன்னிரண்டாவது வருடம் படிவத்தில் ஒரு மாற்றம் வந்தது. எண்ணிக்கையோடு ஒவ்வொரு வசதிக்கும் புகைப்படம் இணைக்க வேண்டும். எல்லாப் பாடசாலைகளும் ஏதோ ஒரு படத்தைக் கைத்தொலைபேசியில் பிடித்து அனுப்பிவிட்டன. வெள்ளைக்கல் தமிழ் வித்தியாலயத்திலிருந்து மட்டும் படம் வரவில்லை. ரத்தோட்டைக்கு மேலே, வெள்ளைக்கல் தோட்டத்தின் மேற்பிரிவில் இருந்த சின்னப் பள்ளிக்கூடம் அது. ஒன்பதாம் ஆண்டு வரை அறுபத்தொரு பிள்ளைகள். மலசலகூடங்கள் எட்டு, எல்லாம் பாவனையில், குழாய் நீர் உண்டு என்று படிவம் சொன்னது.

றம்லா அதிபர் சுந்தரலிங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"சேர், போட்டோ இன்னும் வரல்லையே."

"எடுக்கலாம் மிஸ். எடுத்து அனுப்பினா நீங்கதான் சங்கடப்படுவீங்க. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்களேன்."

அவள் போனாள். ரத்தோட்டை வரை பஸ், அங்கிருந்து ஓட்டோ. ஸ்டோரடிச் சந்திக்கு மேல் ஏறாது என்று ஓட்டோக்காரன் சொல்லிவிட்டான். தேயிலைத் தொழிற்சாலையின் பின்பக்கத்தால் ஒற்றையடிப் பாதையில் அரை மணி நேரம் நடந்தாள். முந்தின இரவு பெய்த மழையில் பாதை வழுக்கியது. காலில் இரண்டு அட்டை ஏறியிருந்ததை மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் கண்டாள்.

ஒரே நீள மண்டபம். இடுப்புயரச் சுவர், அதற்கு மேல் கம்பி வலை. வகுப்புகளைப் பிரிக்கத் தட்டிகள். மலசலகூடங்கள் மண்டபத்துக்குப் பின்னால் மேட்டில் இருந்தன. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஏதோவொரு திட்டத்தில் கட்டியவை, நன்கொடையாளர் பெயர் பொறித்த கல் இன்னும் சுவரில் இருந்தது. எட்டில் மூன்றுக்குக் கூரை இல்லை. மூன்றுக்குக் கதவு இல்லை, உள்ளே குழி மண்ணால் நிரம்பிச் செடி முளைத்திருந்தது. மிச்சம் இரண்டு. அவற்றுக்கும் தண்ணீர் வரவில்லை. மலையூற்றிலிருந்து வந்த குழாயை ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு மண்சரிவு அடித்துக்கொண்டு போயிருந்தது. பிள்ளைகள் கீழே பீலிக்குப் போய்க் கேனில் தண்ணீர் பிடித்து வந்தார்கள்.

"குழாயப் போட்டுத் தரச் சொல்லித் தோட்டத்துக்கு எழுதினேன்," என்றார் சுந்தரலிங்கம். ஐம்பத்தெட்டு வயது, மெலிந்த ஆள், வெள்ளைச் சட்டையின் கழுத்து நைந்திருந்தது. "பள்ளிக்கூடம் அரசாங்கத்துக்குக் குடுத்தாச்சு, அங்க கேளுங்கன்னாங்க. அங்க கேட்டேன். ஊத்து தோட்டத்துக் காணியில இருக்கு, தோட்டத்துல கடிதம் வாங்கிட்டு வாங்கன்னாங்க."

"அப்ப படிவத்துல எட்டுன்னு போட்டீக்கிறீங்களே சேர்?"

அவர் சிரிக்கவில்லை, வெட்கப்படவுமில்லை. "மண் சரிஞ்ச வருஷம் ரெண்டுன்னுதான் போட்டேன் மிஸ். போன வருஷம் எட்டு இருந்திச்சே, மிச்ச ஆறு அரசாங்கச் சொத்து எங்கன்னு விளக்கம் கேட்டு, கணக்குப் பாக்குற ஓடிட்லயிருந்து கடிதம் வந்திச்சு. நாலு மாசம் பதில் எழுதினேன். அடுத்த வருஷம் எட்டுன்னு போட்டேன். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல."

அந்த எட்டைப் பதிந்தது தானே என்று றம்லாவுக்கு நினைவு வந்தது. இரண்டு எழுதியிருந்த வருடத்தையும் அவள்தான் பதிந்திருக்க வேண்டும். அது நினைவில் இல்லை.

இடைவேளை மணி அடித்தது. பெரிய பெண் பிள்ளைகள் ஐந்தாறு பேர் பாதையில் இறங்கித் தொழிலாளர் லயத்துப் பக்கம் போனார்கள். கடைசியாகப் போனவளை றம்லா மறித்துப் பேசினாள். பிரவீனா என்று பெயர், எட்டாம் ஆண்டு.

"எங்க போறீங்க?"

"வீட்டுக்கு மிஸ். ஒண்ணுக்கு."

"போயிட்டுத் திரும்பி வருவீங்களா?"

"வருவேன். வீட்டுல தங்கச்சி இருக்கா. சின்னப் புள்ளைங்களப் பாக்குற ஆயம்மா தங்கச்சிய வெச்சிருக்க ஏலாதுன்னு சொன்னா வரமாட்டேன்."

"மாசத்துல அந்த நாள்கள்ல?"

பிள்ளை தரையைப் பார்த்தாள். "அப்ப வாறதில்ல மிஸ். அஞ்சு நாளைக்கு."

நதாவுக்கும் அதே வயது. நதாவின் பாடசாலையில் கதவு பூட்டாவிட்டால் அன்று வீட்டில் பெரிய முறைப்பாடு நடக்கும். றம்லா கைத்தொலைபேசியை எடுத்து எட்டையும் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தாள்.

அதிபர் அறையில் அவள் புதுப் படிவத்தை விரித்தாள். "சேர், இந்த முறை உள்ளதப் போடுவோம். இரண்டு. அதுவும் தண்ணி இல்லாம. போட்டோவும் இணைச்சு நான் அறிக்கை ஒண்ணு எழுதுறேன். ஓடிட்டுக்கு நான் பதில் சொல்றேன்."

"ரெண்டுன்னு போட்டா என்ன மிஸ் நடக்கும்?"

"திருத்திக் குடுப்பாங்க. இந்த முறை தேவையுள்ள பள்ளிக்கூடங்களத் தேடித்தான் கணக்கெடுக்கிறாங்க. எட்டுன்னு இருந்தா உங்க பேர் பட்டியல்லயே வராது."

அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். "நிச்சயமா மிஸ்?"

"நிச்சயமா சேர்."

கையெழுத்துப் போட்டார். தேத்தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். திரும்பும்போது ஸ்டோரடிச் சந்தி வரைக்கும் கூடவே வந்து வழியனுப்பினார்.

அந்த அறிக்கையை எழுதிய நாட்களில் றம்லா சந்தோஷமாக இருந்தாள். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக வேலை செய்கிறோம் என்று பட்டது. பெண் பிள்ளைகளின் வரவு இடாப்பை மாதவாரியாகப் பிரித்துக் காட்டினாள். மலசலகூடம் உள்ள வருடங்களில் எத்தனை பேர் ஒன்பதாம் ஆண்டு முடித்தார்கள், இல்லாத வருடங்களில் எத்தனை பேர் என்று எழுதினாள். "இப்பாடசாலையின் தற்போதைய நிலை பிள்ளைகள் கல்வி கற்பதற்கு உகந்ததல்ல" என்று கடைசிப் பந்தியில் எழுதி, உடனடியாகத் திருத்த வேண்டியவற்றைக் கீழே குறித்தாள்.

திட்டமிடலுக்குப் பொறுப்பான பிரதிப் பணிப்பாளர் அதை முழுதாக வாசித்தார். பொல்லாதவரல்ல. எல்லாரோடும் தன்மையாகப் பேசுவார், றம்லாவைத் தங்கை என்ற அர்த்தத்தில் நங்கி என்றுதான் கூப்பிடுவார். "இப்படி ஒரு அறிக்கையை இந்தப் பணிமனையில் நான் பார்த்ததில்லை, நங்கி," என்று சிங்களத்தில் சொன்னார். "மற்றப் பாடசாலைகளுக்கும் இதே மாதிரி செய்யுங்கள்."

ஏழு மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. திருத்த வேலைக்குத் தெரிவான பாடசாலைகள் முதல் இரண்டு பக்கங்களில் இருந்தன. றம்லா விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். வெள்ளைக்கல் இல்லை. திரும்பவும் பார்த்தாள். மூன்றாம் பக்கத்தில் வேறு தலைப்பு இருந்தது: குறைந்தபட்ச வசதியற்றவை, நூறுக்குக் குறைந்த மாணவர் கொண்டவை, அண்மைப் பாடசாலையுடன் இணைக்கப்பட வேண்டியவை. அங்கே நான்காவதாக வெள்ளைக்கல் இருந்தது.

பட்டியலை எடுத்துக்கொண்டு பிரதிப் பணிப்பாளரின் அறைக்குப் போனாள்.

"சேர், இதில் ஒரு பிழை இருக்கிறது."

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "பிழை இல்லை நங்கி. அறுபத்தொரு பிள்ளைகள். எட்டு மலசலகூடம், குழாய், தாங்கி, கூரை எல்லாம் புதிதாக வேண்டும். அதே வேலையைக் கீழே பெரிய பாடசாலையில் செய்தால் எழுநூறு பிள்ளைகளுக்குப் பிரயோசனம்."

"நான் இதை மூடச் சொல்லி எழுதவில்லை. திருத்தச் சொல்லித்தான் எழுதினேன்."

"பிள்ளைகள் படிக்க உகந்ததல்ல என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? மாகாணத்தில் அந்த வரியைத்தான் எடுத்துக் காட்டினார்கள்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நல்ல அறிக்கை இருந்ததால் முடிவெடுக்கச் சுகமாக இருந்தது என்றார்கள். உங்களைக் குறை சொல்லவில்லை."

"கீழே உள்ள பாடசாலை ஆறு கிலோமீற்றர், சேர். பாதை..."

"பஸ்ஸுக்கு எழுதுங்கள். நான் சிபாரிசு செய்கிறேன்."

அந்த வெள்ளிக்கிழமை பஸீர் வந்தபோது அவள் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே அழுதாள். முதலில் அவன் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு பக்கத்தில் வந்து நின்றான்.

"நீ உள்ளத்தத்தானே எழுதின. பின்ன என்னத்துக்கு அழுகிற?"

"அவர் நிச்சயமாவான்னு கேட்டார். நிச்சயமாண்டு சொன்னேன்."

மிச்ச வெங்காயத்தை வாங்கி அவன் வெட்டினான்.

மூன்றாம் தவணை முடிவில் பாடசாலையை மூடினார்கள். பொருட்களைக் கணக்கெடுத்து ஒப்படைக்க மூன்று பேரை அனுப்பியபோது தமிழ் தெரிந்தவள் என்று றம்லாவையும் போட்டார்கள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். போனாள். சுந்தரலிங்கம் எல்லாவற்றையும் துடைத்து அடுக்கி வைத்திருந்தார். கதிரைகள், கரும்பலகைகள், ஒரு ஹார்மோனியம், உலக வரைபடம். ஒவ்வொன்றையும் அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். கடைசியில் மலசலகூடத்தையும் எழுத வேண்டியிருந்தது.

"எத்தன போடணும் மிஸ்?" என்று அவர் கேட்டார். அதில் குத்தல் இருந்ததா என்று றம்லாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மற்ற இருவரும் கீழே இறங்கிய பிறகு அவள் சொன்னாள், "சேர், எனக்கு இப்பிடி ஆகும்னு தெரியாது."

"தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பீங்களா?"

அவள் கையிலிருந்த கணக்குத் தாளை மடித்தாள்.

"நீங்க ஒண்ணும் பொய் எழுதலியே மிஸ்," என்றார். "நான்தான் எழுதினேன். அந்தப் பொய்யில இந்தப் பள்ளிக்கூடம் நாலு வருஷம் கூட நடந்திச்சு. அதுக்குள்ள ஏழு புள்ளைங்க ஓ எல் பரீட்சை எழுதக் கீழ போனாங்க. அது சரியா தப்பான்னு எனக்குச் சொல்லத் தெரியல." சாவிக் கொத்தை அவள் கையில் கொடுத்தார். அவருக்கு நாவுலப் பக்கம் ஒரு பாடசாலைக்கு இடமாற்றம். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது.

பஸ் வந்தது. றம்லா டிப்போவுக்கும் பிரதேச சபைக்கும் எழுதிய கடிதங்களால்தான் வந்தது. காலை ஆறரைக்கு ஸ்டோரடிச் சந்தியிலிருந்து கிளம்பியது. மூன்று வாரம் ஓடியது. நாலாவது வாரம் மழையில் ஒரு வளைவில் பாதை ஓரம் உட்கார்ந்துவிட, சாரதி மேலே வரமாட்டேன் என்றான். பாதை யாருடையது என்ற கேள்வி வந்தது. தோட்டத்தினுடையதா, சபையினுடையதா என்று இன்னும் முடிவாகவில்லை.

அடுத்த வருடப் படிவங்கள் வந்தபோது கீழேயுள்ள பாடசாலையின் படிவத்தை றம்லா முதலில் பிரித்தாள். வெள்ளைக்கல்லிலிருந்து மாற்றப்பட்ட மாணவர்கள்: அறுபத்தொன்று. வகுப்புவாரியான தொகையைக் கூட்டிப் பார்த்தாள், ஒத்துவரவில்லை. அந்தப் பாடசாலைக்கு நேரில் போய் வரவு இடாப்புகளை வாங்கி ஒவ்வொரு பெயராகத் தேடினாள். நாற்பத்தாறு பேர் ஒழுங்காக வந்திருந்தார்கள். பதினைந்து பேர் ஒருநாள்கூட வரவில்லை, அல்லது சில நாளோடு நின்றுவிட்டார்கள். வெள்ளைக்கல்லின் ஏட்டில் அவர்கள் மாற்றப்பட்டவர்கள். இங்குள்ள ஏட்டில் பெயர் உண்டு, ஆள் இல்லை.

மூன்று சனிக்கிழமைகள் பதினைந்து பெயரையும் எழுதிக்கொண்டு லயங்களுக்குப் போனாள். பணிமனையிலிருந்து யாரும் அவளை அனுப்பவில்லை, லீவு நாள். இரண்டு குடும்பங்கள் கொழும்புப் பக்கம் போயிருந்தன. சின்னப் பிள்ளைகளை அவ்வளவு தூரம் தனியாக விட முடியாது என்று சிலர் வீட்டில் வைத்திருந்தார்கள். காட்டுப் பன்றி குறுக்கே வந்ததாக ஒருவர் சொன்னார். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை.

பிரவீனாவின் அம்மா நல்லம்மா கொழுந்து மலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக் கூட அவிழ்க்கவில்லை. வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்காரச் சொன்னாள்.

"புள்ளைய ஏன் அனுப்பல?"

"அனுப்பினேங்க. நாலு நாள் போனா. வந்து சேர அஞ்சு மணியாவுது. சின்னதப் பாக்க ஆளில்ல. மழ பேஞ்சா நனஞ்சுதான் வரணும், அடுத்த நாளு சீருடை காயாது. அப்பறம் அவளே வேணாமின்னுட்டா." நல்லம்மா உள்ளே திரும்பிப் பார்த்தாள். "அங்க கக்கூஸ் நல்லா இருக்காம். தண்ணி வருதாம். வந்து சொன்னா."

பிரவீனா உள்ளேயிருந்து வரவில்லை. அடுப்புப் புகைக்குள் அவள் நிற்பது தெரிந்தது, இடுப்பில் தங்கச்சி.

"பிரவீனா, நான் பேசட்டுமா?" என்று றம்லா கூப்பிட்டாள்.

"இல்ல மிஸ்," என்று உள்ளேயிருந்து மெதுவாகப் பதில் வந்தது. "எனக்குப் போக விருப்பமில்ல."

பதினைந்து பேரில் மூன்று பேர் திரும்பவும் பாடசாலைக்குப் போகத் தொடங்கினார்கள். தேயிலை ஸ்டோரில் வேலை செய்யும் ஒரு தகப்பன் காலையில் தன் பிள்ளையோடு மற்ற இரண்டையும் சேர்த்து நடத்திக் கூட்டிப் போக ஒத்துக்கொண்டான். றம்லாவால் முடிந்தது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பிரதிப் பணிப்பாளரிடம் போய்ப் படிவத்தில் ஒரு நிரல் சேர்க்க முடியுமா என்று கேட்டாள். மாற்றப்பட்டும் வந்து சேராத பிள்ளைகள் என்று. படிவம் மேலிருந்து வருவது, நம்மால் ஒரு நிரல் சேர்க்க முடியாது என்று அவர் விளக்கினார். குறிப்பு என்ற பெட்டியில் எழுதலாம் என்றார். அவள் பன்னிரண்டு பெயரையும் அதற்குள் எழுதினாள். பெட்டி இருநூறு எழுத்துக்கு மேல் ஏற்கவில்லை. ஒன்பதாவது பெயரின் நடுவில் நின்றுவிட்டது. அதனால் பெயர்களை அழித்துவிட்டு, "பன்னிரண்டு பேர் வரவில்லை" என்று மட்டும் எழுதினாள்.

அந்த வருடம் திட்டமிடல் கூட்டத்தில் இணைப்பு வேலைகள் பற்றி ஒரு பக்கம் காட்டினார்கள். இணைக்கப்பட்ட பாடசாலைகள் ஐந்து. குறைந்தபட்ச வசதியற்ற பாடசாலைகளின் வீதம் குறைந்திருந்தது. மலசலகூடம் ஒன்றுக்கான மாணவர் தொகையும் முன்னேறியிருந்தது. எல்லோரும் அடுத்த பக்கத்துக்குப் போனார்கள். றம்லா எழுந்து, வந்து சேராத பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். கூட்டத்தில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். குறித்துக்கொள்ளும்படி தலைமை வகித்தவர் சொன்னார், யாரோ குறித்தார்கள்.

இப்போது அதிபர்கள் அவளோடு பேசும் விதம் மாறிவிட்டது. முன்பு தொலைபேசி எடுத்தால் குறைகளைக் கொட்டுவார்கள். இப்போது எல்லாம் நல்லா இருக்கு மிஸ் என்கிறார்கள். வெள்ளைக்கல் கதை எல்லாப் பாடசாலைக்கும் போயிருந்தது. நாலந்தாப் பக்கமுள்ள ஒரு சின்ன முஸ்லிம் பாடசாலையின் அதிபர் மட்டும் போன மாதம் வேறு மாதிரி எடுத்தார். ஆரம்பப் பிரிவுச் சுவர் பிளந்து நிற்கிறது, பிள்ளைகளை உள்ளே இருத்தப் பயமாக இருக்கிறது என்றார்.

"எங்கள்ட எண்பத்து மூணு பிள்ளைகள்தான் மிஸ். நான் இத எழுதவா, வாணாமா? நீங்க சொல்ற மாதிரி செய்றேன்."

பிள்ளைகளை அந்த வகுப்பிலிருந்து வெளியே எடுங்கள், மரத்தடியில் இருத்தினாலும் பரவாயில்லை என்று றம்லா முதலில் சொன்னாள். பிறகு தானே வந்து பார்ப்பதாகச் சொன்னாள். புதன்கிழமை போனாள். பிளவுக்குள் கைவிரல்கள் நாலும் போயின. படம் எடுத்தாள்.

அறிக்கை எழுதும் முன் பிரதிப் பணிப்பாளரிடம் இந்த முறை ஒரு கேள்வி கேட்டாள். இந்தத் தகவலை வைத்து எந்தப் பட்டியல் போடப் போகிறார்கள்? அவருக்கும் தெரியவில்லை. இன்னும் தீர்மானிக்கவில்லை நங்கி, தரவு வந்த பிறகுதான் பார்ப்பார்கள் என்றார்.

இரண்டு நாள் அந்தப் படங்கள் அவளுடைய கைத்தொலைபேசியிலேயே கிடந்தன. சுவர் மழைக்குத் தாங்காது என்பது மட்டும் அவளுக்கு உறுதியாகத் தெரியும். மூன்றாம் நாள் உள்ளதை உள்ளபடி பதிந்தாள். பிள்ளைகள் படிக்க உகந்ததல்ல என்ற வசனத்தை எழுதவில்லை. அனுப்பிவிட்டு, ஆறி ஆடை படிந்த தேத்தண்ணீரை ஜன்னலுக்கு வெளியே ஊற்றினாள். பட்டியல் இன்னும் வரவில்லை.